கல்லறை வாசலில் செத்துப்போன ஸ்பீக்கர்

என் கார் ஸ்பீக்கர் கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்துத்தான் உயிரை விட்டது. சாவதற்கு அதைவிடத் தோதான இடம் அதற்குக் கிடைத்திருக்காது. அடக்கம் செய்ய நாலடி நடந்தால் போதும்.

முதலில் இடது முன் கதவில் இருந்தது. பாடகர் ஜலதோஷம் பிடித்தவர்போல மூக்கால் பாடினார். பிறகு தொண்டை கட்டியது. பிறகு 'கர்ர்ர்' என்று ஓர் இழுப்பு. அவ்வளவுதான். வலது கதவு துக்கம் தாளாமல் அன்று மத்தியானமே பின்னால் போய்ச் சேர்ந்தது. பின் கதவுகள் இரண்டும் பல மாதமாகவே பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவை. ஆக ஒரே நாளில் குடும்பமே காலி.

வேலை நாளில், பட்டப்பகலில், ஒரு குடும்பஸ்தன் கல்லறைத் தோட்டத்து வாசலில் காரை நிறுத்திக்கொண்டு எதற்காகப் பாட்டுக் கேட்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். என் மனைவி மட்டும் கேட்டுவிடக் கூடாது. என் கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

எனக்கு வேலை போய்விட்டது.

பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகர். பெல்ட்டில் மூடிகள் ஓடி வரும். கோணல் மூடியைப் பொறுக்கிச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். என் காலத்தில் எத்தனையோ லட்சம் மூடிகளைக் கழித்துக் கட்டியிருக்கிறேன். ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுத்ததில்லை. நல்லது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கெட்டதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒருநாள் பெல்ட்டுக்கு மேலே ஒரு கேமராவைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அது என்னைவிட வேகமாகப் பொறுக்கியது. நடுவில் டீ குடிக்கப் போகவில்லை. மானேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். அவர் யாருக்கும் தண்ணீர் கொடுத்து நான் பார்த்ததில்லை. இன்றைக்குச் சிவப்புத் தொட்டியில் விழப்போவது நான்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இதை வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் சகலமும் என் மனைவியின் ராஜ்ஜியம். கார்கூட அவள் பெயரில்தான் இருக்கிறது. எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே கௌரவம், காலையில் பையைத் தூக்கிக்கொண்டு "டூட்டிக்குக் கிளம்பறேன்" என்று சொல்வது. அதுவும் போனால் எனக்கும் வீட்டு நாற்காலிக்கும் வித்தியாசம் இருக்காது. நாற்காலியாவது உட்கார உதவும்.

ஆகவே தினமும் கிளம்பினேன். கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தை எனக்கு நானே மாதச் சம்பளமாகப் போட்டுக்கொண்டேன். முதலாளியும் நானே, தொழிலாளியும் நானே. வேலை மட்டும் இல்லை.

பகல் முழுவதும் எங்கே உட்காருவது? கடைத்தெருவில் நிறுத்தினால் காவலாளி விரட்டுகிறான். பூங்காவில் நிறுத்தினால் தெரிந்தவர்கள் வாக்கிங் வருகிறார்கள். கடைசியில்தான் கல்லறைத் தோட்டம் கண்ணில் பட்டது. அங்கே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. காவலாளி ஒருவர் மட்டும் முதல் நாள் வந்து ஜன்னலைத் தட்டினார்.

"யாருங்க தவறிட்டாங்க?"

"ரொம்ப வருஷப் பழக்கம்" என்றேன்.

"திடீர்னா?"

"மானேஜர் கூப்பிட்டுத்தான் சொன்னார்."

எந்த ஆஸ்பத்திரி மானேஜர் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர். அதன் பிறகு தினமும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போவார்.

பாட்டு ஓடும்வரை நான் காரில் பாட்டுக் கேட்கிற மனிதன். பாட்டு நின்றால் வேலை போன மனிதன். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது அந்த ஸ்பீக்கர் ஒன்றுதான். அது போன அன்று காருக்குள் விழுந்த அமைதியில் என் மனசு பேச ஆரம்பித்தது. இனி எவன் உனக்கு வேலை தருவான், இந்த வயதில், மூடி பொறுக்கத் தவிர என்ன தெரியும் உனக்கு என்று கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன்.

காவலாளி ஓடி வந்தார். "இப்பத்தான் அழுகையே வருது பாருங்க. அழுதுடுங்க. அடக்கி வெச்சா உடம்புக்கு ஆகாது."

அழுதுகொண்டே ஒரு முடிவு எடுத்தேன். உலகமே இடிந்து விழுந்தாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் காருக்குப் புது ஸ்பீக்கர். மனைவிக்குக் கொஞ்சமும் சந்தேகம் வராமல்.

என் மனைவி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர். ஒரு போர்வையைப் பார்த்தே எந்த வார்டு, என்ன வியாதி, ஆள் தேறுவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பிய கறை கிடையாது. அவளிடம் போய் மறைக்கப் பார்த்தேன் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது என் புத்திசாலித்தனம்.

"ஏம்மா, கார்ல ஸ்பீக்கர் போயிடுச்சு."

"சரி."

"மாத்தணும்."

"எதுக்கு? வீட்லேர்ந்து உங்க ஃபேக்டரி அரைப் பாட்டுத் தூரம்."

"அரைப் பாட்டா இருந்தாலும் அதை முழுசாக் கேக்கணும்ல?"

"அரைப் பாட்டை எப்படிங்க முழுசாக் கேப்பீங்க?"

"வேலைல டென்ஷன்மா. பாட்டுக் கேட்டுட்டுப் போனாத்தான் மூடியெல்லாம் ஒழுங்காக் கண்ணுக்குத் தெரியுது."

"இப்போ வேலை ரொம்ப அதிகமோ?"

"அதை ஏன் கேக்கற. தலைக்கு மேல."

இதில் பொய்யில்லை. கேமரா தலைக்கு மேலேதான் இருந்தது.

"உக்காந்து பாக்கற வேலையா, நின்னு பாக்கறதா?"

"உக்... நின்னு."

"கால் வீங்கலையே."

"நடுநடுல உக்கார விடுவாங்க."

"அப்படியா? பாவம்."

மற்றவர்கள் மனைவி 'பாவம்' என்றால் இரக்கம். என் மனைவி சொன்னால் தீர்ப்பு. ஆனால் அன்றைக்கு அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. துண்டை உதறி நாலாக மடித்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை போகலாம். நானும் வர்றேன்" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கடைக்காரர் ஒல்லி. காதில் பென்சில் செருகுகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவர் செருகியிருந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பாட்டு செட்டையும் மாத்தறீங்களா சார்?"

"இல்ல. வண்டியோட வந்த கம்பெனி செட் அப்படியே இருக்கட்டும். ஸ்பீக்கர் மட்டும்."

"அப்போ பாத்துத்தான் எடுக்கணும். கம்பெனி செட்டுக்குப் பலம் கம்மி. பெரிய ஸ்பீக்கரா மாட்டினீங்கன்னா அதால தள்ள முடியாது. பாக்கறதுக்குத்தான் ஆள் பெருசா இருக்கும். சத்தம் வெளியே வராது."

என் மனைவி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க வீட்லயும் ஒண்ணு அப்படித்தான் இருக்குங்க" என்றாள்.

கடைக்காரர் சிரிக்காமல் முன் கதவின் உள் பலகையைக் கழற்றினார். பழைய ஸ்பீக்கரின் காகிதத்தை விரலால் தொட்டார். சருகுபோலப் பொலபொலவென்று உதிர்ந்தது.

"வண்டி பகல்ல எங்க சார் நிக்குது?"

"ஃபேக்டரி ஷெட்ல."

"ஷெட்லயா? இது வெயில்ல வெந்த பேப்பர் சார். இந்தப் பலகை வெளுத்திருக்கு பாருங்க. கண்ணாடியை ஏத்திவிட்டு நாள் பூரா வெட்ட வெயில்ல நிறுத்தினாத்தான் இப்படி ஆகும்."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். எனக்கு மடியெல்லாம் கனம், வழியெல்லாம் பயம். வாயைத் திறந்தேன். பொய் வரவில்லை. அவசரத்துக்கு உதவாத பொய்யை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"கூரையைப் பிரிச்சிருப்பாங்க. இல்லையாங்க?" என்றாள் என் மனைவி.

"ஆமாமா! பிரிச்சுட்டாங்க. புதுசு போடறாங்க."

"பாவம்."

எனக்கு வேண்டிய பொய்யை அவளே எடுத்துக் கொடுத்தாள். கொஞ்சமாவது மூளை இருந்திருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பேன். நானோ கும்பிடாத குறையாக அவளைப் பார்த்தேன்.

"முன்னாடி ரெண்டு கதவும் உங்க இஷ்டம். பின்னாடி ரெண்டும் நான் பாத்துக்கறேன்" என்று அவள் பாகப்பிரிவினை செய்தாள்.

"பின்னாடி எதுக்கும்மா? அங்க யார் உக்கார்றா?"

"யாராச்சும் உக்காந்தா கேக்க வேண்டாமா?"

அவள் கடைக்காரரிடம் நாலே கேள்விதான் கேட்டாள். கண்ணாடியை இறக்கினால் இடிக்காதா? ஒயரை வெட்டாமல் மாட்டலாமா? சின்னச் சத்தத்திலும் வார்த்தை புரியுமா? கெட்டுப்போனால் திருப்பி எடுப்பீர்களா? எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்ன ஒரு ஜோடியைக் காட்டி, "இதை மாட்டிடுங்க" என்றாள். நான் இன்னும் முதல் பெட்டியையே பிரித்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஜோடியில் முகப்பு வலையில் ஒரு கம்பி லேசாக வளைந்திருந்தது. தள்ளி வைத்தேன். இரண்டாவது ஜோடியில் நிறம் உதைத்தது.

"ரெண்டுமே கறுப்புதான சார்?"

"இது கறுப்பு. இது கொஞ்சம் கறுப்பு."

மூன்றாவதில் ஸ்க்ரூ ஓட்டை நடுவில் இல்லை. நான்காவதில் காந்தம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஐந்தாவதில் எல்லாம் சரியாக இருந்தது; அதனாலேயே சந்தேகம் வந்தது. தள்ளி வைத்தேன். என் விரல்கள் தானாகச் சுற்றி வந்தன, விளிம்பைத் தடவின, தட்டிப் பார்த்தன, ஓரம் தள்ளின. எவ்வளவு நாளைக்குப் பிறகு என் கைக்கு வேலை! அந்தக் கடையில், அந்த ஸ்டூலில், நான் சந்தோஷமாக இருந்தேன். மனைவி எதிரில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் ஒரு மாதிரி இருந்தது. கடையில் தூசி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அது எப்படி கேக்குதுன்னு ஒரு தரம் போட்டுக் காமிக்கவா சார்?" என்றார் கடைக்காரர்.

"பாக்கவே சரியில்ல. கேட்டு என்ன பண்றது?"

"சார், கடைல இருக்கிறது இவ்ளோதான். இனிமே கதவுல என்னைத்தான் மாட்டணும்."

அவரையும் பார்த்தேன். இடது தோள் கொஞ்சம் இறக்கம்.

கடைசியில் அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். நான் கழித்த பெட்டிகள் ஒரு பக்கம் மலையாக இருந்தன. எடுத்தது ஒன்றுமில்லை. முன் கதவுகளில் பழைய பிரேதங்களையே திரும்ப வைத்துப் பலகையை மூடினார். பின் கதவுகளில் மட்டும் என் மனைவி எடுத்த ஜோடி புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது.

"முன்னாடிக்கு இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றாள் அவள். அலுத்துக்கொள்ளக்கூட இல்லை.

எனக்கும் வருத்தமில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு மெதுவாகப் பாட்டைப் போட்டுப் பார்த்தேன். பின்னாலிருந்து தேனாக வந்தது. ஒரு யோசனை பளிச்சிட்டது. கல்லறை வாசலில் வண்டி நிற்கத்தானே போகிறது? நான் எதற்கு முன்னால் உட்கார வேண்டும்? காவலாளி கேட்டால், துக்கம் தாங்காமல் முன்னால் உட்கார முடியவில்லை என்று சொல்லிவிட்டால் போயிற்று. இனி என் பின் சீட்டு, என் பாட்டு, என் ராஜ்ஜியம்! ஆயுசில் முதல்முறையாக என் மனைவியை ஜெயித்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு வந்தால், காரின் முன் சீட்டில் என் மனைவி யூனிஃபார்மோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"உனக்கு ஆஸ்பத்திரி வேன் வருமே?"

"அதை நிறுத்திட்டாங்க."

"எப்போ?"

"அது ஆச்சு கொஞ்ச நாள். பஸ்லதான் போயிட்டு வர்றேன்."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க சொன்னீங்களா?"

கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். நிமிர மனசில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? எவ்வளவு நேரம்தான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பது? நிமிர்ந்தேன்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"முதல் வாரமே. எங்க பிரேத வண்டி ஓட்டறவர் வந்து சொன்னார். 'அக்கா, உங்க வீட்டுக்காரர் தினம் கல்லறைத் தோட்டத்து வாசல்ல உக்காந்திருக்கார், பாட்டு வேற போட்டுக்கறார்'னு."

"நீ என்ன நினைச்சே?"

"யாரோ ஒருத்தி இருந்திருக்கா, செத்துப் போயிட்டா போலன்னு நினைச்சேன். சரி, செத்தவளோட நமக்கென்ன சண்டைன்னு விட்டுட்டேன். அப்புறம் மனசு கேக்கல. ஃபேக்டரிக்குப் போன் பண்ணினேன். கேமராவைப் பத்தி ரொம்பப் பெருமையாப் பேசினாங்க."

"ஏம்மா என்னைக் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். தினம் காலைல பையை எடுக்கறப்ப, இன்னைக்குச் சொல்லுவார், இன்னைக்குச் சொல்லுவார்னு உங்க மூஞ்சியையே பாத்துட்டு நிப்பேன். நீங்க டூட்டிக்குக் கிளம்பறேம்பீங்க."

நான் காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்ட நேரத்தில் அவள் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறாள். அவள் பெயரில் இருக்கிற கார். அவமானமாக இருந்தது. அதைவிட, இனிமேல் யாரிடமும் எதையும் மறைக்க வேண்டாம் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. இரண்டையும் சேர்த்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "கால் வலிச்சுதா?" என்று கேட்டேன்.

"வலிக்காம? அதை விடுங்க. ஸ்பீக்கர் வேணும்னு வந்து நின்னீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு பகீர்னுது. மனுஷன் கல்லறை வாசல்லயே குடித்தனம் பண்றதுன்னு தீர்மானமே பண்ணிட்டார்னு. இனிமே காத்திருந்தாக் காரியம் ஆகாதுன்னுதான் ஏற்பாடு பண்ணிட்டேன்."

"என்ன ஏற்பாடு?"

"வேனை நிறுத்தினாங்கள்ல? யாராவது சொந்த வண்டில நம்ம ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தா மாசச் சம்பளம் தர்றோம்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. வண்டியும் வேணும், ஓட்ட ஆளும் வேணுமாம். ரெண்டும் எங்க வீட்ல சும்மா வெயில்ல காயுதுன்னு சொல்லிட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"நேத்து ஒரு நாள் பூரா கடையையே கொட்டிக் காமிச்சாங்க. உங்களால ஒரு ஸ்பீக்கர் எடுக்க முடிஞ்சுதா? இந்த வேலையையும் உங்ககிட்ட காமிச்சிருந்தா, ஓட்டை நடுவுல இல்லைன்னு ஓரமாத் தள்ளியிருப்பீங்க. வண்டியை எடுங்க, ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு."

எடுத்தேன். வேறென்ன செய்வது? நிராகரிக்க ஒன்றுமில்லாத அளவுக்கு எல்லாவற்றையும் முடித்து வைத்திருந்தாள்.

தெருமுனையில் அவளுடைய பிரிவுப் பெண்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். பின் கதவைத் திறந்து, "வணக்கம்ணே" என்று வரிசையாக ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, நெருக்கி உட்கார்ந்தார்கள். நான் கண்ணாடியில் அவர்களைப் பார்க்காமல் பாட்டைப் போட்டேன். கல்லறை வாசலில் எனக்குத் துணையிருந்த பாட்டு. முகத்தை மறைக்க எனக்கும் ஏதாவது வேண்டுமே! முதல் வரி முடிவதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி, "அய்யய்ய, இது என்ன அக்கா எழவு வீட்டுப் பாட்டு?" என்றாள். என் மனைவி கையை நீட்டிப் பாட்டை மாற்றினாள். பின் சீட்டில் கைதட்டல். மூவரும் கூடவே பாடத் தொடங்கினார்கள். அந்தக் கூச்சலில் முன்னால் எனக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

"ஏம்மா, முன்னாடி எனக்கு ஒண்ணுமே கேக்கலையே?" என்றேன்.

"பாட்டு பாசஞ்சருக்கு. டிரைவர் ரோட்டைப் பாருங்க" என்றாள் என் மனைவி.